ராத்திரி பிரஷரும் தாம்பத்தியமும்: சர்க்கரை உள்ள ஆண்கள் எங்கிருந்து தொடங்குவது?

காரைக்குடிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். இரவு ஒன்பதரைக்கு மேல், ஷட்டரைப் பாதி இறக்கும் நேரம் பார்த்துச் சிலர் வருவார்கள். முதலில் ஒரு பாராசிட்டமால் அட்டை வாங்குவார்கள். பக்கத்தில் நிற்பவர் போகும் வரை சில்லறையை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்த மாத்திரை இருக்கா?" என்பார்கள். எந்த மாத்திரை என்று நான் கேட்பதில்லை. "அண்ணே, சுகர் இருக்கா? பிரஷருக்கு என்ன போடுறீங்க? நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை வச்சிருக்கீங்களா?" என்று மூன்று கேள்வி கேட்பேன். முதல் கேள்விக்கே பலர் தலையாட்டுவார்கள்.

அதில் ஆச்சரியம் இல்லை. சர்க்கரை உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் கோளாறு உண்டு. ஆனால் அதற்கு மாத்திரை கேட்டு வருகிற ஒருவர்கூட, "தூங்கும்போது என் பிரஷர் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டதில்லை. நானும் பல வருஷம் அதை யோசித்ததில்லை. எனக்கும் பதினோரு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. எனக்கே தேவை வந்தபோதுதான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை. அவரிடம் போவதற்கு முன்னும் போன பிறகும் நீங்கள் செய்யக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

தூக்கத்தில் பிரஷர் இறங்க வேண்டும்

நன்றாகத் தூங்குகிற உடம்பில், பகலில் இருந்ததை விட பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். ரத்தக்குழாய்களுக்குக் கிடைக்கிற ஓய்வே அந்த நேரம்தான். பகலில் மேல் அளவின் சராசரி 138 என்றால், இரவில் 124-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வர வேண்டும். சிலருக்கு அது 132-லேயே நின்றுவிடும். ஆறு புள்ளிதான் இறக்கம், அதாவது 4 சதவீதம். இன்னும் சிலருக்கு இரவில் ஏறவே செய்யும். சர்க்கரை உள்ளவர்களிடம் இப்படி இறங்காத பிரஷர் அதிகம். பகலில் கிளினிக்கில் பார்த்து 'நார்மல்' என்று சீட்டு வாங்கி வருகிறவருக்கும் இது இருக்கலாம். மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்தை, கிளினிக்கில் எடுத்த ஒற்றை அளவை விட இந்த இரவு அளவு நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

இதற்கும் படுக்கைக்கும் என்ன சம்பந்தம்? விறைப்பு என்பதே ரத்த ஓட்டம்தான். குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்தால் குழாய் தளர்ந்து ரத்தம் உள்ளே வரும். இந்த வாயு ரத்தக்குழாய்க்குச் செய்தி சொல்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த வாயுவின் வேலையை நீடிக்கச் செய்கிற சில்டெனாஃபில் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே வருஷம்தான். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து கெடுப்பது இந்த உள்சுவரைத்தான். ராத்திரியும் பிரஷர் இறங்கவில்லை என்றால், அந்தச் சுவருக்கு 24 மணி நேரமும் அடிதான்.

ஆணுறுப்புக்குப் போகும் குழாயின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்தின் குழாய்கள் 3 முதல் 4 மில்லிமீட்டர். ஒரே அளவு கசடு படிந்தாலும் சின்னக் குழாய்தான் முதலில் அடைபடும். நெஞ்சுவலி வருவதற்குச் சில வருஷம் முன்பே விறைப்பு குறைவது இதனால்தான். படுக்கையில் தெரிகிற மாற்றத்தை இதயம் முன்கூட்டி அனுப்பிய தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆண்மைக்குறைவு' என்ற சொல்லை நான் கடையில் பயன்படுத்துவதே இல்லை. குழாயிலும் நரம்பிலும் உள்ள கோளாறுக்கு ஒரு மனிதன் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.

நரம்பு என்றேனே, அதுவும் முக்கியம். நாம் நினைக்காமலே இதயத்தையும் குழாய்களையும் நடத்துகிற நரம்புகளை நாள்பட்ட சர்க்கரை அரிக்கும். இரவில் பிரஷரை இறக்குவதும் அவைதான், விறைப்பைத் தொடங்குவதும் அவைதான்.

முதல் வாரம்: ஒரு நோட்டும் ஒரு பிபி மெஷினும்

முதலில் ஒரு நோட்டு எடுங்கள். ஒரு வாரத்துக்குத் தினமும் நான்கு விஷயம் எழுதினால் போதும். காலையில் கண் விழிக்கும்போது விறைப்பு இருந்ததா? ராத்திரி எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுந்தீர்கள்? குறட்டை உண்டா? (இதை நீங்கள் எழுத முடியாது, வீட்டில் கேட்டு எழுதுங்கள்.) என்னென்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?

காலை விறைப்பைப் பற்றிய கேள்வி வெட்கப்பட வைக்கும், தெரியும். ஆனால் டாக்டருக்கு மிகவும் பயன்படுவது அதுதான். ஆரோக்கியமான ஆணுக்கு ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை தூக்கத்திலேயே விறைப்பு வந்து போகும். விடியற்காலையில் நன்றாக இருந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் வராவிட்டால், மனக்கவலைதான் பெரும் காரணமாக இருக்கலாம். இரண்டிலும் இல்லை என்றால் குழாயையும் நரம்பையும் பார்க்க வேண்டும்.

மெஷின் வாங்குவதானால் மேல் கையில் கட்டுகிற டிஜிட்டல் மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டை உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே கட்டிப் பாருங்கள். பருத்த கையில் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் வைத்து எடுக்க வேண்டும். காலையில் மாத்திரை போடுவதற்கு முன்னால் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, நடுவில் ஒரு நிமிஷம் இடைவெளி. ஏழு நாள் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள். 135/85-ஐத் தாண்டினால் வீட்டு அளவில் அது கூடுதல். நம் ஊரில் பட்டாலையில் சம்மணம் போட்டு, நாலு பேரோடு பேசிக்கொண்டே பிபி பார்க்கிற பழக்கம் இருக்கிறது. அப்படி எடுத்த அளவை நோட்டில் ஏற்றாதீர்கள்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஐந்து நிமிஷம் படுத்துவிட்டு அளந்து, எழுந்து நின்று ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் அளக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினாலோ தலை சுற்றினாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நரம்பு பாதித்தவர்களுக்கு நிற்கும்போது இறங்குகிற பிரஷர், ராத்திரி படுத்தவுடன் ஏறிக்கொள்ளும். 'எனக்கு லோ பிரஷர்தான்' என்று அவர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பலருக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வருகிற ஊழியர் அளவும் பார்க்கிறார். நல்ல ஏற்பாடு, விடாதீர்கள். ஆனால் அவர் பார்ப்பதும் பகல் அளவுதான்.

24 மணி நேரப் பட்டை

இரவு அளவைத் தெரிந்துகொள்ள நம்பகமான வழி ஆம்புலேட்டரி பிபி என்கிற 24 மணி நேரப் பரிசோதனை. கையில் ஒரு பட்டை, இடுப்பில் செல்போன் பருமனில் ஒரு பெட்டி. பகலில் 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு முறையும், இரவில் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு முறையும் தானாக இறுகித் தளரும். இதய மருத்துவர் இருக்கிற மருத்துவமனைகளில் கேளுங்கள். உள்ளூரில் இல்லை என்றால் மதுரையிலோ திருச்சியிலோ கிடைக்கும். மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் இரண்டு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். பஸ் குலுக்கலில் பாதி அளவுகள் வீணாகிவிடும். கூடுமானவரை உள்ளூரிலேயே கட்டி, சொந்த வீட்டில் வழக்கமாகப் படுக்கிற இடத்தில் படுப்பதுதான் சரி.

நான் கட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குளித்துவிட்டுத்தான் போனேன், கட்டிய பிறகு குளிக்க முடியாது. அரைக்கை சட்டை வசதி. பெட்டி 'ம்ம்ம்' என்று சத்தமிட்டுப் பட்டை இறுகும்போது, கையில் இருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்பேன். ஆட்டினால் அளவு விழாது. வாடிக்கையாளர் ஒருவர், "என்னப்பா, ஏதும் அடிபட்டுருச்சா?" என்று கேட்டார். இரவில் வளவில் (வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) ஆத்தங்குடித் தரை மேல் பாயை விரித்துப் படுத்தேன். முதல் இரண்டு முறை இறுகியபோது திடுக்கென்று விழித்தேன். மூன்றாவது முறை விழித்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் காலையில்தான் விழிப்பு வந்தது. பட்டை இறுகுவதில் தூக்கம் சற்றுக் கெடும் என்பது உண்மை. அதற்காகப் பரிசோதனையே பொய் என்று தள்ள வேண்டாம்.

இங்கே நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று மதியத் தூக்கம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் அயர்ந்தால் அப்போதும் பிரஷர் இறங்கும். அது பகல் கணக்கில் சேர்ந்தால், பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் தப்பாக வரும். மதியம் படுத்த நேரம், இரவு படுத்த நேரம், எழுந்த நேரம், மாத்திரை போட்ட நேரம் எல்லாவற்றையும் தாளில் எழுதிப் பெட்டியோடு கொடுங்கள். மெஷின் தானாக 'இரவு 10 முதல் காலை 6' என்று எடுத்துக்கொண்டால், 12 மணிக்குப் படுக்கிறவருக்கு ரிப்போர்ட் பொருந்தாது.

ரிப்போர்ட்டில் பல பக்கம் இருக்கும். முதலில் எத்தனை அளவு தேறியது என்று பாருங்கள். பகலில் 20, இரவில் 7-ஆவது வேண்டும். பிறகு பகல் சராசரி, இரவு சராசரி. பகலில் 135/85, இரவில் 120/70, மொத்தத்தில் 130/80. இந்த மூன்றில் எதைத் தாண்டினாலும் கூடுதல் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிற கணக்கு. அமெரிக்கக் கணக்கில் இரவுக்கு 110/65-தான். பகலிலிருந்து இரவைக் கழித்து, பகலால் வகுத்து, நூறால் பெருக்கினால் இறக்கத்தின் சதவீதம் வரும். எனக்குப் பகல் 134, இரவு 129. வித்தியாசம் ஐந்து, 4 சதவீதம்கூட இல்லை. கிளினிக்கில் எனக்கு ஒருநாளும் 130-ஐத் தாண்டியதில்லை.

டாக்டரிடம் சொல்வது

வாயால் சொல்ல வராது பலருக்கு. அதனால் கடைக்கு வருகிறவர்களுக்கு பில்லின் பின்பக்கத்தில் நானே எழுதிக் கொடுப்பேன். இப்படி:

"சர்க்கரை 11 வருஷம். பிரஷர் மாத்திரை 4 வருஷம். ஒரு வருஷமாக விறைப்பு சரியாக வரவில்லை, காலையிலும் இல்லை. குறட்டை உண்டு. ராத்திரி 3 முறை எழுகிறேன். 24 மணி நேர பிபி பார்க்கலாமா?"

இதை டாக்டர் மேசையில் வைத்தால் போதும், மற்றதை அவரே கேட்பார். கூடவே எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிரஷர் மாத்திரைகளில் அட்டெனோலால் போன்றவையும், குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற சிறுநீர் பிரிப்பு மாத்திரைகளும் சிலருக்கு விறைப்பைக் குறைக்கலாம். டெல்மிசார்டான், லோசார்டான் வகை அப்படிக் கெடுப்பதில்லை. நெபிவோலாலும் இந்த விஷயத்தில் அட்டெனோலாலை விடத் தேவலாம். மாற்ற முடியுமா என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அட்டெனோலாலைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம்.

'ராத்திரி பிரஷருக்கு ராத்திரிதான் மாத்திரை போடணும்' என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2022-இல் வெளியான டைம் என்ற ஆய்வில், காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் நேரத்தை மாற்றினால் மாற்றுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாற்ற வேண்டாம்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் அல்புமின், இசிஜி ஆகியவற்றையும் பெரும்பாலும் எழுதுவார். டெஸ்டோஸ்டிரோன் பார்க்கச் சொன்னால் காலையில் வெறும் வயிற்றோடு, பத்து மணிக்குள் ரத்தம் கொடுங்கள். மாலையில் கொடுத்தால் குறைவாகக் காட்டும். முன்தோலில் அரிப்போ வெடிப்போ இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். சர்க்கரை கூடினாலும் வரும், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரையிலும் வரலாம். களிம்பிலேயே குணமாகக்கூடிய அந்த வலியால் வருஷக்கணக்கில் ஒதுங்கிப் படுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்த மாத்திரை

சில்டெனாஃபில், டாடலாஃபில் இரண்டும் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துகள். நான் சீட்டு கேட்டால் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறவர்கள் உண்டு. காரணம் இதுதான். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட், நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் மருந்துகளோடு இவை சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். நெஞ்சுவலிக்குக் கொடுக்கிற நிகோராண்டில் மாத்திரையும் அப்படியே. சில்டெனாஃபில் போட்டால் குறைந்தது 24 மணி நேரத்துக்கும், டாடலாஃபில் போட்டால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கூடாது. ஆகவே மாத்திரை போட்ட பிறகு நெஞ்சு வலித்தால், வீட்டில் கிடக்கிற சார்பிட்ரேட்டை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, வருகிறவரிடம் முதல் வார்த்தையாக எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் வெட்கம் பார்த்தால் உயிர் போகும். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போடுகிறவர்களும், நின்றால் தலை சுற்றுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லிக் குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும்.

முதல் தடவை வேலை செய்யவில்லை என்று கைவிடுகிறவர்கள் நிறைய. சில்டெனாஃபிலை ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். கறிச்சோறும் கோளா உருண்டையும் சாப்பிட்ட கையோடு போட்டால், எண்ணெயும் கொழுப்பும் அதைத் தாமதப்படுத்தும். மனசில் ஆசையும் தொடுதலும் இல்லாமல் மாத்திரை தானாக எதையும் செய்யாது. சரியான முறையில் ஐந்தாறு முறை பார்த்த பிறகே பயன் இல்லை என்று முடிவு செய்யலாம். அதற்கு மேலும் ஊசி, வெற்றிடக் குழாய், அறுவை சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர் சொல்வார். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் இருந்தாலோ, திடீரென்று கண் மங்கினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'இந்தத் தேதியில் இந்த லாட்ஜில்' என்று ஒட்டுகிறவர்களிடம் போக வேண்டாம். 'மூலிகை' என்று விற்கிற பொடிகளிலும் லேகியங்களிலும் சில்டெனாஃபிலையே அளவில்லாமல் கலந்து பிடிபட்டது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. இதய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது எமன்.

உப்பு, தூக்கம், மனைவி

உப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், சொன்னால் வீட்டில் சண்டை வரும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு தேக்கரண்டி. சாம்பார், பொரியல் எல்லாம் அதற்குள் அடக்கம். உப்புக்கண்டம், மோர்மிளகாய், வடகம், அப்பளம், ஊறுகாய் இவற்றில் ஒன்று இலையில் விழுந்தாலே கணக்கு தாண்டிவிடும். உப்பு கூடினால் ராத்திரி பிரஷர் இறங்குவதும் கெடும், அதை வெளியேற்றச் சிறுநீரகம் ராத்திரியும் வேலை செய்து உங்களை எழுப்பும். விருந்துக்குப் போனால் பணியாரத்தைக் குறைக்கிற நீங்கள், ஊறுகாயையும் இலை ஓரத்திலேயே விட்டுவிடுங்கள். புகையிலை போடுகிறவர்கள் அதை விடாமல் மற்றதைச் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

தூக்கம் பெரிய விஷயம். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிற நோய் இருந்தால், ஒவ்வொரு தடைக்கும் ஆக்சிஜன் குறைந்து பிரஷர் எகிறும். ராத்திரி பிரஷர் இறங்காததற்கும், விறைப்பு குறைவதற்கும், பகலில் கடையில் உட்கார்ந்தபடியே கண் சொக்குவதற்கும் அது காரணமாகலாம். சத்தமான குறட்டை, தடித்த கழுத்து, காலையில் தலைவலி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் மனைவியிடம் சொல்லாமல் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. செட்டிநாட்டு வீடுகளில் வளவைச் சுற்றி மகன்களுக்கு ஒவ்வோர் அறை உண்டு. ஆனால் ஐம்பதைத் தொட்டவுடன் கணவன் முகப்புக்கும் மனைவி உள்கட்டுக்கும் படுக்கையை மாற்றிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. கணவன் ஏன் ஒதுங்கினார் என்று தெரியாமல், தன்னைப் பிடிக்கவில்லை போலும் என்று அந்த அம்மா உள்ளுக்குள் வெம்பிக்கொண்டிருப்பார். "சுகராலதான் இப்படி, டாக்டரைப் பார்க்கப் போறேன்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

என் ரிப்போர்ட்டோடு போனபோது என் மனைவியும் உடன் வந்தாள். குறட்டை உண்டா என்று டாக்டர் என்னைக் கேட்டார். "கொஞ்சம் இருக்கும் சார்" என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள்: "குறட்டை விட்டாப் பரவாயில்ல டாக்டர். நடுவில சத்தமே நின்னு போயிரும். மறுபடி மூச்சு வர்ற வரைக்கும் நான் ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டுப் படுத்திருப்பேன்." அதைக் கேட்டுத்தான் அவர் தூக்கப் பரிசோதனைக்கு எழுதினார். மூச்சுத் தடை இருப்பது தெரிந்தது. மூக்கில் மாட்டுகிற காற்று மெஷின் தந்தார்கள், உப்பைக் குறைத்தேன், ஒரு மாத்திரையை மாற்றினார்கள். ஐந்து மாதம் கழித்து மறுபடி பட்டை கட்டியபோது இரவு சராசரி 117. படுக்கை விஷயம் முழுக்கப் பழையபடி ஆகவில்லை, முன்னைக்கு இப்போது தேவலாம். அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.